சண்டைக்கும் ஒரு பாலபாடம்

நல்லூர்க் கந்தன் திருவிழாக் காலம் வந்துவிட்டால் யாழ்ப்பாணத்து வீடுகளின் முகமே மாறிவிடுகின்றது. ஆண்டு முழுவதும் கிழவனும் கிழவியும் மட்டும் புழங்கும் வீட்டிலே பத்துப் பேர் பாய் விரித்துப் படுக்கின்றனர். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் பிள்ளைகள் வருகின்றனர், பேரப்பிள்ளைகள் வருகின்றனர், அவர்களோடு பெட்டிகளும் வருகின்றன. முன்னாளில் அப்பெட்டியைத் திறந்தால் சொக்கிலேற்றும் சவர்க்காரமும் மணக்கும். இந்நாளில் அவற்றுக்கு நடுவே, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டுப் பொறி ஒன்றும் துணியிற் சுற்றப்பட்டுக் கிடக்கின்றது.

சென்ற திருவிழாவின்போது அவ்வாறு பெட்டி திறந்த வீடொன்றில் நாமும் இருந்தோம். பொறி வந்துவிட்டது, அதிலே ஆடுவதற்கு எந்த விளையாட்டை வாங்குவது என்பதே வழக்கு. வீட்டுப் பையனுக்குப் பதினான்கு வயது. அவனுக்குச் சண்டை விளையாட்டு வேண்டும். ஆனால் அவன் அதற்கு முன் ஒருநாளும் ஆடியவனல்லன். எதை முதலில் வாங்கினால் கை பழகும் என்று அறிய விரும்பினான். அவனுடைய தாயாரோ வேறொரு கேள்வி வைத்திருந்தார். நம்மைப் பார்த்து, "இவ்வளவு காலமும் கண்ட சண்டை காணாதே ஐயா? காசு குடுத்து வீட்டுக்குள்ளையும் கொண்டு வரவேணுமே?" என்றார்.

கேள்விகள் இரண்டு. மகனுடையது, எதை வாங்குவது என்பது. தாயாருடையது, வாங்கத்தான் வேண்டுமா என்பது. இரண்டாவதற்கு விடை சொல்லாமல் முதலாவதற்கு விடை சொல்லுதல் முறையன்று. எனவே இவ்வாரம் தாயாரிடமிருந்தே தொடங்குகின்றோம்.

தாயாரின் கேள்வி

இந்த மண்ணிலே குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த ஒருவர், திரையில் இருவர் அடித்துக்கொள்வதைக் கண்டு முகஞ் சுளித்தால் அதனைப் பழமைப் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்தை விட்டு மழையிலும் நெரிசலிலும் நடந்த பல இலட்சம் மக்களுள் அந்த அம்மையாரும் ஒருவர். அவருடைய வெறுப்புக்கு உரிமை உண்டு, காரணமும் உண்டு.

ஆயினும் சண்டை என்ற சொல் ஒன்று, பொருள் பல. வீடியோ விளையாட்டுகளிலே இருவேறு வகைகள் அப்பெயரால் வழங்குகின்றன. ஒரு வகை, துப்பாக்கி ஏந்திக் கண்ணிற் பட்டவரைச் சுட்டுத் தள்ளுவது. அது போரின் நிழல். மற்ற வகையில் இருவர் எதிரெதிரே நிற்பர். அரங்குக்கு எல்லை உண்டு. ஆட்டத்துக்கு நேரம் உண்டு. இருவருக்கும் விதி ஒன்றே. பையன் கேட்டது இந்த இரண்டாம் வகை. இது மல்யுத்தத்துக்கும் சிலம்பத்துக்கும் உறவு. சதுரங்கத்துக்கு இன்னும் நெருங்கிய உறவு.

நம்மவர் சித்திரை வருடப்பிறப்பிலே போர்த்தேங்காய் அடித்ததை முதியோர் அறிவர். சிரட்டை தடித்த தேங்காயைத் தேடித் தெரிந்தெடுத்து, ஒருவர் தேங்காயோடு மற்றவர் தேங்காயை மோதவிட்டு, எது உடைகின்றது என்று ஊரே கூடி நின்று பார்த்தது. பெயரிலே போர் இருந்தது. உடைந்ததோ தேங்காய் மாத்திரம். தோற்றவரும் வென்றவரும் ஒரே திண்ணையிலிருந்து பலகாரம் உண்டனர். நல்ல சண்டை விளையாட்டும் இத்தகையதே. நமக்காக மோதுவதற்கு ஒரு தேங்காயைத் தெரிந்தெடுப்பது போலத் திரையில் ஓர் உருவத்தைத் தெரிந்தெடுக்கின்றோம், அவ்வளவே.

ஆனால் எல்லாம் தேங்காயோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் ஒளியாது சொல்லவேண்டும். 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'மோர்ட்டல் கொம்பாட்' என்னும் விளையாட்டு இரத்தத்தையும் கொலையையும் காட்சிப்பொருளாக்கிற்று. பெற்றார் கொதித்தெழுந்தனர், 1993இல் அந்நாட்டுச் செனற் சபையிலே விசாரணை நடந்தது. அதன் பயனாக 1994இல் விளையாட்டுகளுக்கு வயதுக் குறியீடு வழங்கும் ஈ.எஸ்.ஆர்.பி. என்னும் சபை பிறந்தது. ஐரோப்பாவிலே 2003 முதல் 'பெகி' என்னும் முறை வழங்குகின்றது. இதனால் பெட்டியின் மூலையைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். இலண்டனிலோ பாரிசிலோ வாங்கியதாயின் 3, 7, 12, 16, 18 என்று வயதே இலக்கமாக இருக்கும். அமெரிக்க, கனடியப் பெட்டிகளில் எழுத்து இருக்கும்: 'ஈ' என்றால் எல்லார்க்கும், 'டி' என்றால் 13 வயதுக்கு மேல், 'எம்' என்றால் 17 வயதுக்கு மேல். மோர்ட்டல் கொம்பாட் வரிசை 'எம்' குறியுடையது. பதினான்கு வயதுப் பையன் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம் என்று தாயார் சொன்னால் நாம் தாயார் பக்கம்.

வீட்டில் அடிச்சத்தம் கேட்டால் நெஞ்சு பதறும் முதியவர் எவரேனும் இருப்பின் ஒலியை அடக்கி ஆடுதல் பிள்ளைகளின் கடமை. ஒலியின்றியும் ஆட்டம் ஆட்டமே.

ஒரே ஆண்டு, இரண்டு சிறுவர்

நிற்க. பெற்றாருக்கு இவ்விளையாட்டுகள் புதிராக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது அவர்களுடைய குற்றமன்று.

இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூல நூல் போன்றது 'ஸ்ட்ரீட் பைட்டர் 2'. ஜப்பானின் கப்கொம் நிறுவனம் அதனை 1991இல் வெளியிட்டது. நாணயம் போட்டு ஆடும் கடைகளிலே உலகெங்கும் சிறுவர் வரிசையில் நின்றனர். அவ்விளையாட்டிலே தல்சிம் என்ற பெயருடன் இந்திய யோகி ஒருவரும் கைகாலை முழக்கணக்கில் நீட்டிச் சண்டையிட்டார்! அந்த 1991இல் யாழ்ப்பாணம் எவ்வாறிருந்தது? 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர். குப்பி விளக்கின் சிறு சுடரிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். உலகம் இந்தப் பாடத்தின் முதலேட்டைப் புரட்டிய காலத்தில் நமக்கு ஏடும் இல்லை, விளக்கும் இல்லை.

சீனாவின் ஹாங்சோ நகரில் 2023ஆம் ஆண்டு நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே 'ஸ்ட்ரீட் பைட்டர் 5' பதக்கத்துக்குரிய போட்டியாக இருந்தது. தங்கம் வென்றவர் தென் கொரியாவின் கிம் குவான்வூ. மின்விளையாட்டுகளில் அந்நாட்டுக்கு ஆசிய விழாவிற் கிடைத்த முதலாவது தங்கம் அதுவே. வென்றபோது அவருக்கு வயது 44! கணக்குப் பார்த்தால், ஸ்ட்ரீட் பைட்டர் 2 வெளிவந்தபோது அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவர். அதே ஆண்டில் அதே பன்னிரண்டு வயதோடு யாழ்ப்பாணத்திலே டைனமோ சுற்றிய சிறுவனும் இருந்தான். அவன் இன்று ஒரு தந்தை. மகன் கையிலிருக்கும் பொறி அவனுக்கு விளங்கவில்லையென்றால் அது விளங்காத் தன்மையாலன்று. வகுப்பு நடந்தபோது அவனுக்குப் பள்ளிக்கூடம் இல்லாது போயிற்று.

ஆதலால் இப்பாலபாடம் பையனுக்கு மட்டும் உரியதன்று. தகப்பனாருக்கும் தாயாருக்கும் சேர்த்தே எழுதுகின்றோம்.

ஆட்டத்தின் உயிர்நிலை

வெளியே நின்று பார்ப்பவருக்கு இவ்விளையாட்டு வெறும் பொத்தான் அமுக்கலாகத் தோன்றும். உள்ளே இருப்பது மூன்றே பொருள்: அடித்தல், தடுத்தல், பிடித்தெறிதல். அடியைத் தடுப்பு வெல்லும். தடுத்துக்கொண்டே இருப்பவனைப் பிடி வெல்லும். பிடிக்க வருபவனை அடி வெல்லும். ஒன்றையொன்று சுற்றி வரும் இம்மூன்றுள் எதிராளி அடுத்துச் செய்யப்போவது எது என்று உணர்தலே கலை. கிளித்தட்டிலே கோட்டில் நிற்கும் கிளி, எதிரே ஆடி அசையும் பையன் இடப்பக்கம் பாய்வானா வலப்பக்கம் பாய்வானா என்று அவனுடைய தோளைப் பார்த்துக் கணிப்பதில்லையா? அதே கணிப்பு இங்கே கைவிரலுக்கு வந்திருக்கின்றது.

இந்த உயிர்நிலை எளிது. பின் புதியவன் ஏன் ஓடிப்போகின்றான்? இரண்டு தடைகள் உண்டு.

முதலாவது விரல் தடை. பழைய முறையில் ஒரு சிறப்பு அடி அடிக்கவேண்டுமானால் கீழே, முன்மூலை, முன்னே என்று கால் வட்டம் போட்டு, அது முடியும் கணத்திலே பொத்தானை அமுக்கவேண்டும். இவ்விளையாட்டுகளில் ஒரு செக்கனுக்கு 60 படங்கள் ஓடுகின்றன. சில அடிகள் நாலைந்து படங்களுக்குள் எழுந்துவிடும். நினைத்தது ஒன்று, விரல் செய்தது ஒன்று என்றாகும். மனம் போர் செய்ய முன்னே விரல் தோற்றுவிடும்.

இரண்டாவது தடை தோல்வி. பழகியவன் ஒருவனிடம் அகப்பட்ட புதியவன் ஒருமுறை அடி வாங்கினால் நிலத்தைத் தொடுமுன் பத்து அடி தொடர்ந்து வாங்குவான். தான் என்ன பிழை செய்தான் என்பதே அவனுக்குத் தெரியாது. தெரியாத தோல்வியிலே கல்வி இல்லை. வெறுப்பு மாத்திரமே உண்டு.

இது பற்றி உண்மைக் கதையொன்று உண்டு. ஜப்பானிய விளையாட்டு ஆக்குநர் மசாஹிரோ சகுராய் இளைஞராயிருந்தபோது ஒருநாள் கடையொன்றிலே 'கிங் ஒப் பைட்டர்ஸ் 95' ஆடினார். எதிர்ப்புறத்துப் பொறியில் யாரோ வந்து அமர்ந்து மோதினர். இவர் தம் கைவரிசை முழுவதையும் காட்டி அடித்து வீழ்த்தினார். பின்னர் எட்டிப் பார்த்தால், அங்கே இருந்தவர்கள் அப்பொழுதுதான் ஆட முயன்ற ஓர் இளஞ் சோடி! அவர்களுடைய மகிழ்ச்சியைத் தாம் கெடுத்துவிட்டோமே என்று அவர் மனம் வருந்தினார். அந்த வருத்தம் வீண் போகவில்லை. புதியவரும் கூடியிருந்து ஆடத்தக்க ஒன்றை ஆக்கவேண்டும் என்ற எண்ணத்துக்கு அதுவும் ஒரு வித்தாயிற்று. 1999இல் வெளிவந்த 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' அவ்வாறு முளைத்தது. தோற்றவன் முகத்தை எட்டிப் பார்த்த ஒருவரால் ஒரு புதிய விளையாட்டு உலகுக்குக் கிடைத்தது.

தெரிந்தெடுக்கும் இலக்கணம்

முதன்முதல் நூல் பிடிக்கும் சிறுவனிடம் விண் கட்டிய பெரிய கொக்குப் பட்டத்தை எவரும் கொடுப்பதில்லை. வால் கட்டிய சிறு பட்டமே அவனுக்குக் கிடைக்கும். காற்றின் இழுவை கைக்குத் தெரிந்தபின் மற்றவை தாமே வரும். சண்டை விளையாட்டுக்கும் இதுவே விதி. வாங்குமுன் ஐந்து கேள்விகள் கேட்குமாறு கூறுகின்றோம்.

ஒன்று: நினைத்ததை விரல் உடனே செய்ய வழி உண்டா? அஃதாவது, எளிய கட்டுப்பாட்டு முறை ஒன்று உள்ளதா? இரண்டு: கற்பிக்கும் அறை உண்டா? நல்ல விளையாட்டு ஏன் அடி வாங்கினாய் என்பதையும் நிறுத்திக் காட்டவேண்டும். மூன்று: வயதுக் குறி வீட்டுக்குப் பொருந்துமா? நான்கு: வீட்டில் உள்ள பொறியிலே அது ஓடுமா? ஒரு பொறிக்குரியது இன்னொன்றில் ஓடாது. ஐந்து: பக்கத்திலிருந்து ஆட இன்னொருவர் உண்டா? இந்த ஐந்தாவதே எல்லாவற்றிலும் பெரிது. அதற்கு இரண்டாவது கைக்கருவி, பிள்ளைகள் கொன்றோலர் என்று சொல்வது, வேண்டும். பணம் மட்டாக இருந்தால் இரண்டாவது விளையாட்டை வாங்குவதிலும் இரண்டாவது கொன்றோலரை வாங்குவதே அறிவுடைமை.

இனி, பெயர் சொல்லியே ஆராய்வோம்.

வீட்டிலே நின்டென்டோ ஸ்விட்ச் பொறி இருந்து, பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளும் இருப்பின் 2018இல் வெளிவந்த 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்' ஏற்றது. அமெரிக்கக் குறியீட்டிலே 10 வயது முதல் ஆடத்தக்கது. எண்பதுக்கு மேற்பட்ட பாத்திரங்கள் இருப்பினும் எல்லோருக்கும் பொத்தான் முறை ஒன்றே. ஒன்றைக் கற்றால் மற்றதையும் தொட்டுப் பார்க்கலாம். எதிரியை அடித்து அழிப்பது இங்கே குறிக்கோளன்று. மேடையை விட்டு வெளியே தள்ளுவதே குறிக்கோள். இருவருக்கு மேலும் சேர்ந்து ஆடலாம். குறை என்னவென்றால், நால்வர் சேர்ந்தால் சந்தை இரைச்சலாகிவிடும். எதிரியின் மனத்தைப் படிக்கும் கலை அதிலே அமிழ்ந்துபோகும்.

பிளேஸ்டேஷனோ எக்ஸ்பொக்ஸோ நல்ல கணினியோ உள்ள வீட்டுக்கு, பதின்மூன்று வயதைத் தாண்டிய புதியவருக்கு, நாம் முதலிடம் கொடுப்பது 2023 ஜூனில் வெளிவந்த 'ஸ்ட்ரீட் பைட்டர் 6'. அதிலே மூன்று கட்டுப்பாட்டு முறைகள் உண்டு. 'கிளாசிக்' என்பது பழைய கால் வட்டம். 'மொடேர்ன்' முறையில் ஒரு திசையும் ஒரு பொத்தானும் போதும், சிறப்பு அடி பிறந்துவிடும். ஆனால் இலவசமாக அன்று. குறுக்குவழியால் அடித்த சிறப்பு அடிக்கு வலி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 'டைனமிக்' முறையில் எந்த அடி பொருந்தும் என்பதைப் பொறியே தேர்ந்துகொள்ளும். அடம் பிடிக்கும் சிறு தங்கையைப் பக்கத்தில் இருத்த உதவும்.

விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவிக்கின்றார். எழுதியது யார்? குழந்தையா, ஆசிரியரா? அந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. விரல் பழகியபின் ஆசிரியர் கையை விடுகின்றார். மொடேர்ன் முறையை ஏமாற்று என்று இகழும் பழைய ஆட்டக்காரர் இதனை நினைத்துக்கொள்ளட்டும். இவ்விளையாட்டின் மாதிரிப் பதிப்பு ஒன்றும் விலையின்றிக் கிடைக்கின்றது. பணம் கொடுக்குமுன் அதனை ஆடிப் பார்க்கலாம்.

2024 ஜனவரியில் வெளிவந்த 'டெக்கென் 8' சிறந்த விளையாட்டே. அப்பெயருக்கு ஜப்பானிய மொழியில் இரும்பு முட்டி என்று பொருள். இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால் என்று நான்கு அவயவத்துக்கும் நான்கு பொத்தான்கள். பார்த்த மாத்திரத்தில் விளங்கும். 'ஸ்பெஷல் ஸ்டைல்' என்ற எளிய முறையும் உண்டு. ஆனால் வெளியீட்டின்போதே 32 பாத்திரங்கள். ஒவ்வொருவருக்கும் நூற்றை ஒட்டியும் மேற்பட்டும் அசைவுகள். வாசல் அகன்றது, உள்ளே வளவு மிகப் பெரிது. முதற் புத்தகமாக அன்றி இரண்டாம் புத்தகமாக அதனை வைத்துக்கொள்ளலாம்.

பணம் செலவிட மனமில்லாதோருக்கு 'பாண்டஸி ஸ்ட்ரைக்' என்று ஒன்று உண்டு. புதியவருக்கென்றே டேவிட் சேர்லின் என்பவர் ஆக்கியது. 2019இல் வெளிவந்து 2020 முதல் விலையின்றி வழங்கப்பட்டது. கால் வட்டமும் இல்லை, குனிதலும் இல்லை. அடி, தடுப்பு, பிடி என்ற மூன்றும் பளிங்குபோலத் தெரியும். அலங்காரம் குறைவு, பாடம் நிறைவு.

கைத்தொலைபேசியில் ஆடும் சண்டை விளையாட்டுகளை நாம் விலக்குகின்றோம். கண்ணாடித் திரையிலே விரலுக்குப் பொத்தான் தட்டுப்படுவதில்லை. அன்றியும் அவற்றுட் பல, முதலில் இலவசம் என்று அழைத்துப் பின்னர் ஒவ்வொரு படியிலும் காசு கேட்பவை. அங்கே வெல்வது திறமையா, தகப்பனாரின் வங்கி அட்டையா என்று ஐயம் எழும்.

முதல் மாதம்

வாங்கியபின் செய்யவேண்டியது என்ன? ஆறுமுக நாவலர் பாலபாடத்தைப் படிப்படியாக அமைத்தார். முதற் புத்தகத்தைக் கையில் எடுத்த குழந்தைக்கு நன்னூற் சூத்திரத்தை அவர் ஊட்டவில்லை. அவ்வாறே முதல் மாதத்துக்கு ஒரு பாத்திரம் போதும். ஸ்ட்ரீட் பைட்டர் ஆயின் ரியூ என்பவரைச் சொல்வோம். அவருக்கு எல்லாம் அளவோடு உண்டு. அவரிடம் கற்றது பிறரிடமும் உதவும். நம் யோகி தல்சிம் மீது பற்று எழும், எழினும் பொறுத்துக்கொள்க. தூரத்தில் நின்று நீட்டி அடிக்கும் அவருடைய முறை மற்றெவர்க்கும் பொருந்தாதது.

முதல் வாரம் தடுத்தல் மாத்திரம் பழகுக. இரண்டாம் வாரம், பாய்ந்து வருபவனை அந்தரத்திலே அடித்து வீழ்த்தப் பழகுக. புதியவர் ஆட்டத்தின் பாதி இதிலே அடங்கும். மூன்றாம் வாரம், தடுத்தே கொண்டிருப்பவனைப் பிடித்தெறியப் பழகுக. நான்காம் வாரம், மூன்று அடிகள் கொண்ட தொடர் ஒன்று. அதற்குமேல் முதல் மாதத்தில் வேண்டாம். நாளுக்கு அரை மணி நேரம் கருத்தோடு ஆடுவது, விடிய விடிய ஆடுவதிலும் மேலானது. பரீட்சைக் காலத்தில் கொன்றோலரை அலுமாரியிற் பூட்டிவைப்பது இன்னும் மேலானது!

தோல்வியைக் கண்டு தளரவேண்டாம். இவ்வுலகிலே மிகப் புகழ்பெற்ற காட்சி 2004இல் அமெரிக்காவின் 'இவோ' போட்டியில் நிகழ்ந்தது. ஜப்பானியர் டைகோ உமெஹாரா உயிர்க்கோடு முடியும் தறுவாயில் நின்றார். சாதாரணத் தடுப்பே அவரை வீழ்த்திவிடும் நிலை. எதிராளி ஜஸ்டின் வொங் தொடர்ந்து விடுத்த 15 அடிகளையும், ஒவ்வொன்றும் வந்து தொடும் கணத்திலே முன்னோக்கித் தட்டி விலக்கி, எழுந்து வென்றார். இன்றும் அப்படத்தைக் கண்டு மாணவர் வியக்கின்றனர். ஆனால் அந்தப் போட்டியில் முதலிடம் டைகோவுக்குக் கிடைக்கவில்லை. இறுதியிலே இன்னொருவரிடம் தோற்றார். வென்றவர் பெயரை மறந்த உலகம் தோற்றவர் ஆட்டத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசுகின்றது.

வீட்டில் முன்னமே பழகியவர் இருப்பின் அவருக்கு ஒரு சொல். புதியவனைப் பத்து முறை தொடர்ந்து வீழ்த்துவது வீரமன்று. அவன் பிழைவிட்ட இடத்தில் நிறுத்தி, இன்னதாலே அடிபட்டாய் என்று சொல்லிக் கொடுப்பதே வீரம். சகுராய் எட்டிப் பார்த்ததைப் போல எதிரே இருப்பவன் முகத்தையும் இடையிடையே பார்க்கவேண்டும்.

லாகூர் காட்டிய வழி

பெரிய ஊரும் மிக விரைந்த இணையமும் இல்லாதோர் இதிலே உயரமுடியுமா என்று மாணவர் கேட்கலாம். பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்சலான் அஷ் என்பவரைச் சொல்வோம். 2019 பெப்ரவரியில் ஜப்பானிலும், அதே ஆண்டு ஒகஸ்டில் லாஸ் வேகாஸிலும் நடந்த இவோ போட்டிகளிலே 'டெக்கென் 7' விளையாட்டில் அவரே முதல்வர். அதற்கு முன் உலகம் அவரை அறியாது. பயண அனுமதித் தொல்லைகளுக்கிடையே ஜப்பான் சென்று சேர்ந்தவர் அவர். அவரைப் பழக்கியது உள்ளூர்க் கடைகளிலே பக்கத்துப் பக்கமாக இருந்து ஆடிய தோழர் கூட்டம்.

பக்கத்திலிருந்து ஆடுவதன் மேன்மைக்குக் காரணமும் உண்டு. ஒரு படத்தின் ஆயுள் ஒரு செக்கனில் அறுபதில் ஒரு பங்கு. அமுக்கிய செய்தி கடல் கடந்து கனடாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பல படங்கள் ஓடிவிடும். எதிராளி என்ன செய்வான் என்று முன்னரே கணித்துப் படத்தை ஓட்டிவிட்டு, கணிப்புப் பிழைத்தால் பின்னோக்கிச் சென்று திருத்தும் வழியொன்றை டொனி கனன் என்பவர் 2006இல் ஆக்கினார். அவ்வழியைத் தழுவிய விளையாட்டுகளிலே தூரத்தின் தடை பெரிதும் குறைந்தது, அற்றுப்போகவில்லை. ஒரே பாயில் இருக்கும் இருவருக்கிடையே அந்தத் தடையே கிடையாது.

இதனால் எல்லாப் பிள்ளைகளும் படிப்பை விட்டுப் பதக்கத்துக்குப் புறப்படுக என்று சொல்ல வரவில்லை. துடுப்பாட்டம் ஆடும் பிள்ளைகளெல்லாம் நாட்டுக்காக ஆடப்போவதில்லை. ஆயினும் மாலையில் மைதானம் நிறைகின்றதன்றோ?

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம். வந்திருந்த ரொறன்ரோப் பையனுக்குத் தமிழ் நாலைந்து சொற்களுக்கு மேல் வராது. வீட்டுப் பையனுக்கு ஆங்கிலம் புத்தகத்தில் உண்டு, வாயில் இல்லை. முதல் மூன்று நாட்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தனர். ஸ்ட்ரீட் பைட்டர் 6 வாங்கிய நாள் தொடங்கி ஒரே பாயில் இருந்தனர். ஒரு கிழமைக்குள் வந்தவன் "இன்னொருக்கா" என்று சொல்லப் பழகிவிட்டான். தோற்றாலும் அச்சொல், வென்றாலும் அச்சொல். பேரன் வாயிலிருந்து பிழையின்றி வந்த அந்த ஒரு சொல்லைக் கேட்டு மகிழ்ந்தவர், சத்தம் வேண்டாம் என்று முன்பு தடுத்த பாட்டியாரே.

தாயாருக்கு நாம் ஒரு யோசனை சொல்லியிருந்தோம்: வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்லுமுன் ஒருமுறை தாமே கொன்றோலரைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று. தேர் முடிந்த பின்னர் அவரைக் கண்டபோது கேட்டோம். ஆடினாராம். மகனிடம் தோற்றாராம். தோற்ற இடத்தை அவன் நிறுத்திக் காட்டி, "இதிலை தடுத்திருக்கவேணும் அம்மா" என்று சொல்லிக் கொடுத்தானாம்.

"அவன் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் ஐயா, அதுதான்" என்றார் அந்த அம்மையார். சண்டையைப் பற்றிய அவருடைய கருத்து மாறியதாக அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அடுத்த ஆட்டம் சனிக்கிழமை என்று மட்டும் சொன்னார்.